ஐந்து சின்னம் போட்ட ஹாவோரி

நோபுவே ஜப்பானின் கிர்யூ நகரில் டவுன் பஸ் ஓட்டுகிறவள். மகள் சிஹாரு தவழ்ந்துகொண்டிருந்தபோது வீட்டை விட்டுப் போன புருஷன் திரும்பவே இல்லை. அண்ணன் ஷிகேதோ புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவதோடு சரி. காய்ச்சலோ பள்ளிக்கூடமோ, எல்லாம் இவள் தலையில்தான் விடிந்தது. சிஹாருவுக்குக் கல்யாணம் என்றதும் எல்லோருக்கும் திடீரென்று ஒரு அப்பா தேவைப்பட்டுவிட்டார்.

"அப்பா இடத்துல நான் நிக்கிறேன்," என்றார் ஷிகேதோ, பெரிய மனசு பண்ணி. "நீ அம்மாங்க கட்டுற கறுப்பு கிமோனோவைக் கட்டிக்கிட்டு பக்கத்துல நின்னா போதும்."

நோபுவேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தைந்து வருஷம் காலியாகக் கிடந்த இடம் இப்போதுதான் இவர் கண்ணில் பட்டதா? அவள் நேரே பழம்பொருள் சந்தைக்குப் போய், ஐந்து இடத்தில் வெள்ளைக் குடும்பச் சின்னம் பொறித்த கறுப்புப் பட்டு ஹாவோரி ஒன்றை, கல்யாணத்தில் மாப்பிள்ளையும் அப்பாக்களும் கிமோனோவுக்கு மேலே போடும் அங்கியை, வாங்கிவந்தாள். எந்தக் காலத்து மாப்பிள்ளை போட்டதோ, பட்டு இன்னும் மினுமினுத்தது.

கல்யாணத்தன்று உடை அணிவிக்கும் பெண் அதைப் புரட்டிப் பார்த்துத் தயங்கினாள். "அம்மா, இது ஆம்பளை ஹாவோரி. பொம்பளைங்களுதுல இருக்கிற மாதிரி கைக்குக் கீழ திறப்பே இல்ல பாருங்க, கையை உடம்போட சேத்துத் தைச்சிருக்கு."

"தெரிஞ்சுதாம்மா வாங்கினேன். போட்டு விடு."

அந்தப் பெண் கழுத்துப் பட்டையை வெளியே மடித்து, முன்பக்கத்தைத் திறந்தே விட்டு, மார்புக்கு நேரே வெள்ளைக் கயிற்றை முடிந்தாள். அந்த நேரம் பார்த்து, வாடகைக்கு எடுத்த அதே மாதிரி ஹாவோரியில் ஷிகேதோ வந்து நின்றார்.

"கிறுக்கா உனக்கு? அதுல இருக்கிற சின்னம் நம்ம குடும்பத்துதே இல்ல. எவனோடதோ. மேல நம்ம சின்னத்தையாவது ஒட்டிக்க."

"நம்ம சின்னம் போட்டவங்க இத்தனை வருஷமா எங்கண்ணா போயிருந்தீங்க? அந்த எவனோ எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல. அவன் சின்னமே இருக்கட்டும்."

ஷிகேதோ அங்கேயே தயாராகிக்கொண்டிருந்த மணப்பெண் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்."

"முடிச்சு கொஞ்சம் கோணலா இருக்கு மாமா," என்றாள் சிஹாரு. "அதைச் சரி பண்ணிட்டு அம்மாவை வரச் சொல்லுங்க."

குடும்பப் படத்துக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். "பொண்ணோட அப்பா இங்க, அம்மா பக்கத்துல," என்றார் படக்காரர். அப்பாவின் நாற்காலியில் நோபுவே உட்கார்ந்தாள். ஷிகேதோ பின்வரிசைக்குப் போனார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"அம்மா இன்னும் வரலையா?" என்று கேட்டார் படக்காரர்.

"அதுவும் நான்தான்," என்றாள் நோபுவே. "முதல்ல இப்படி ஒண்ணு எடுங்க. அப்புறம் அதுல மாறி உக்காந்துக்கறேன்."