அம்மாவின் வார்டில் ஒரு நாள்

ஐம்பது வயதில் டிவி சீரியல் நர்ஸைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட முட்டாள் நான். எபிசோடு முழுக்க அவள் கதாநாயகனின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"இவளுக்கு வேற சோலியே இல்லையா?" என்றாள் அம்மா. கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள்.

எட்டு வயதில் நானும் அந்தக் கைக்காகத்தான் ஏங்கினேன். கணப்படுப்பில் நெற்றியைச் சூடாக்கி, காய்ச்சல் என்று சொல்லி அம்மாவின் வார்டிலேயே போய்ப் படுத்தேன். பினாயிலும் ஈரக் கம்பளியும் மணந்தன. அம்மா பெட்பேனோடு ஓடினாள். ஊசித் தட்டோடு ஓடினாள். கடக்கும்போதெல்லாம் என் போர்வையை இழுத்துவிட்டாளே தவிர, உட்காரவில்லை.

"அன்னைக்கு ஏம்மா எம்பக்கத்துல ஒரு நிமிஷம்கூட உட்காரல?" என்று இப்போது கேட்டேன்.

"ஏலே, உனக்குத்தான் காய்ச்சலே இல்லையே."