கடித்த தடம்

அழுக்கைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. பதுளையில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் சாமான் கடைந்து கொடுப்பது பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் சுங்கானோடு, அதாவது புகை குடிக்கும் பைப்போடு, போய்விடும். துரைமார் பங்களாக்களில் விட்டுப்போனவை, அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் பழைய சாமான் கடைகளில் துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவே கிடந்தவை என்று பதினான்கு சுங்கான்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்றையும் பற்றவைத்ததில்லை. "குடிக்காதவனுக்கு எதுக்குடா இத்தன பைப்பு?" என்று அண்ணன் கேலி செய்வார்.

நல்ல சுங்கான் என்றால் அது பிரையர் என்ற செடியின் வேர்முண்டில் செய்ததாக இருக்கும். நம் நாட்டில் வளராத செடி. அந்த வேர் நெருப்புக்கு லேசில் கருகாது. பழைய மாதிரியில் நானே செய்து பார்க்க ஆசைப்பட்டு, கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப் போட்டிருந்த மலையில் வேர் பொறுக்கிவந்து கடைந்தேன். பார்க்க அழகாகத்தான் வந்தது. அண்ணன்தான் அதில் பொயிலை போட்டுப் பற்றவைத்துப் பார்த்தார். இரண்டாம் நாளே வெடித்துவிட்டது. பிறகு வெளிநாட்டிலிருக்கும் மைத்துனர் பிரையர் கட்டைகள் கொஞ்சம் அனுப்பினார். அவற்றில் மூன்று சுங்கான்கள் தேறின. என்னதான் செய்தாலும் அண்ணனிடம் இருந்த சுங்கானுக்கு அவை பக்கத்தில்கூட வராது.

அண்ணன் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தயாரிப்புக்கே பொறுப்பான டீமேக்கராக இருந்தவர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த எங்கள் குடும்பத்தில் அந்த நாற்காலி வரை போனவர் அவர் ஒருவர்தான். பழைய பங்களாச் சாமான்களை ஏலம் போட்டபோது அந்தச் சுங்கானை எடுத்தார். சுங்கானுக்குரிய புகையிலைக்கு எங்கே போவது? வெற்றிலைக்குப் போடும் பொயிலையைக் காயவைத்து நொறுக்கி நிரப்பிக்கொள்வார். "கறுப்புத் தொரை வாறாரு" என்று லயத்தில் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர் அதையும் ரசித்தார் என்றே நினைக்கிறேன். ஒருமுறை கொழுந்து வாட்டும் மாடியின் படிக்கட்டில் விழுந்து அவருடைய இடது கோரைப்பல் பாதி உடைந்தது. அன்றிலிருந்து அந்த உடைந்த பல்லில்தான் சுங்கானைக் கடித்துப் பிடிப்பார். முப்பது வருடத்தில், வாயில் வைக்கும் கறுப்புக் குழலின் மேல்பக்கம் ஆழமாக ஒரு குழியும் அடிப்பக்கம் சாய்வாக ஒரு கீறலும் விழுந்துவிட்டன.

எனக்கு அந்தக் குழியைப் பார்க்கப் பொறுக்காது. "குடுங்கண்ணே, புதுசாக்கித் தாறேன்" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "ஒன் கையில குடுத்தா என்னையும் சேத்துத் தேச்சிருவ, போடா" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் பெயர்கள் போயின. பிறகு சாப்பிட்டதா இல்லையா என்பது போனது. கடைசியில் வீடு. ஸ்பிரிங்வெளிப் பாதையில் அவரே கல் சுமந்து கட்டிய வீடு அது. மாலையில் பனி இறங்கும் நேரத்தில் குடையை எடுத்துக்கொண்டு, "நேரமாச்சு, வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிடுவார். "இதுதாங்க நம்ம வீடு" என்று அண்ணி கையைப் பிடித்தால் உதறுவார். அவர் தேடியது நாங்கள் பிறந்த லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறையை. அந்த லயம் மண்சரிவில் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து பாதையோரம் நின்றவரைக் கொழுந்துக்காரப் பெண்கள் இருவர் கூட்டிவந்து விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அண்ணி ஒன்றைக் கண்டுபிடித்தார். புகைக்கக் கூடாது என்று டாக்டர் எப்போதோ நிறுத்தியிருந்தார். ஆனாலும் வெறும் சுங்கானை அண்ணன் கையில் கொடுத்தால் வாயில் வைத்துக்கொள்வார். தாடை லேசாக அசைந்து தேடும். உடைந்த பல் அந்தக் குழிக்குள் போய் உட்காரும். உடனே தோள் தளர்ந்து, சுற்றிலும் பார்த்து, "ஆமா, இங்கதான்" என்று நாற்காலியில் அமர்வார். நான் பார்த்திருக்கிறேன். மருந்தால் ஆகாததை அந்தக் குழி செய்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி அதை என்னிடம் கொடுத்தார். குழல் பச்சை பூத்துப் போயிருந்தது. வாடை வேறு. "வாயில வைக்கிற சாமான் தம்பி. கழுவி மட்டும் தாங்க. நாளைக்கே வேணும், இது இல்லாம அவர வச்சிருக்க ஏலாது" என்றார். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றுவதை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவருக்கு என்னைத் தெரிந்தது. "பத்திரம்டா தம்பி" என்றார்.

கழுவ மட்டும்தான் உட்கார்ந்தேன். வேண்டாம் என்று சொல்ல அண்ணனால் இனி முடியாது என்ற நினைப்பு நடுவில் வந்தது. அந்த நினைப்பில் எனக்குச் சந்தோஷமும் வந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பொயிலை போடும் கிண்ணத்துக்குள் ஏறியிருந்த கரியைச் சுரண்டினேன். தண்ணீர் தொட்டு எமரித்தாளால் பச்சையைத் தேய்த்தெடுத்தேன். அந்தக் குழல் கெட்டி ரப்பர். மெழுகுவர்த்திச் சுவாலைக்கு மேலே பிடித்தால், கடிபடுவதற்கு முன்னிருந்த வடிவத்துக்குத் தானே திரும்பும். குழி மெல்ல மெல்ல மேலெழுந்து வருவதைப் பார்த்து, தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எழும்பாமல் நின்ற மிச்சத்தைப் பசையும் கரித்தூளும் குழைத்து நிரப்பி, காயவிட்டுத் தேய்த்து, பஃப் போட்டுப் பளபளப்பாக்கினேன். மூன்று நாள் பிடித்தது. அண்ணி இரண்டுமுறை போன் பண்ணினார். "இந்தா முடிஞ்சிருச்சு அண்ணி" என்றேன்.

நாலாம் நாள் கொண்டுபோனேன். அண்ணி தூங்கி மூன்று நாளாகியிருக்கும் போலிருந்தது. அண்ணன் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். வாயில் வைத்தார். தாடை தேடியது. இடப்பக்கம் தள்ளிப் பார்த்தார், திருப்பிப் போட்டுப் பார்த்தார். பல் வழுக்கியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அதை எடுத்து, எச்சிலைச் சட்டை ஓரத்தில் துடைத்து, என்னிடமே நீட்டினார்.

"நல்ல பைப்புங்க. யாரோடது?"

"ஒங்களோடதுதாண்ணே."

"இல்லீங்க. என்னோடதுல கடிச்ச தடம் இருக்கும்."

அண்ணி அதை வாங்கிக் குழலைப் பெருவிரலால் தடவினார். மேலே தடவினார், கீழே தடவினார். "கழுவத்தானே தம்பி சொன்னேன்" என்றார். அதை என் கையிலேயே வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து அந்தத் தடத்தைத் திரும்பச் செய்ய முயன்றுகொண்டிருக்கிறேன். வேலை தொடங்குமுன் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். கிண்ணம் துல்லியமாக விழுந்திருக்கிறது, குழல் நிழலில் கிடக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து அரத்தால் குழி எடுத்தேன். சூடாக்கி இரும்பால் அழுத்தினேன். இதே அளவில் புதுக் குழல்கள் கடைந்து, அவற்றிலும் ஒவ்வொரு விதமாகக் குழி போட்டேன். பட்டறையில் உட்கார்ந்து நானே கடித்தும் பார்த்தேன். என் பல்லெல்லாம் முழுசாக இருக்கிறது. ஞாயிறுதோறும் ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஸ்பிரிங்வெளி பஸ் ஏறுவேன். ஞாயிறுதோறும் அவர் வாயில் வைத்துப் பார்த்து, துடைத்து, திருப்பித் தருவார். அண்ணி கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டார். சாவி அண்ணியின் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது. சாயந்தரமானால் அண்ணன் அந்தப் பூட்டை ஆட்டும் சத்தம் பாதை வரைக்கும் கேட்கும்.

போன ஞாயிறும் போனேன். ஏழாவது குழல். அண்ணி கதவைத் திறந்தபோது அண்ணன் பூட்டின் பக்கத்தில் குடையோடு நின்றார். சுங்கானைக் கொடுத்தேன். வாயில் வைத்தார், தேடினார், எடுத்துவிட்டார்.

"சரியில்லையாண்ணே?" என்றேன்.

என்மேல் இரக்கப்பட்டவர்போல் சிரித்தார். "ஒங்க பைப்ப நீங்களே வச்சிக்கிங்க ஐயா. என்னோடத எங்க தம்பி கழுவித் தாறேன்னு எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். இப்ப கொண்டாந்துருவான்."

குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, எனக்குப் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தார்.