மூன்றாவது சிலிண்டரின் சுவர்

என்ஜின் பிளாக் கடையும் பட்டறை வைத்திருந்த அவரை எல்லோரும் காதுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சிலிண்டர்கள் அடங்கிய அந்த இரும்புக் கட்டி வந்து இறங்கியதும் சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பார். விரிசல் இருந்தால் ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வரும் என்பார். ஐம்பத்தெட்டு வயதில் மனிதர்கள் பேசுவது பாதிதான் அவர் காதில் விழுந்தது. இரும்பு பேசுவது முழுதாக விழுந்தது.

பதினோரு வருடங்களுக்கு முன் அவருடைய தம்பியின் வேன், ஆளில்லாத ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் நின்றுபோனது. ரயில் வருவதைப் பார்த்தும் தம்பி இறங்கி ஓடவில்லை. கடைசிவரை சாவியைத் திருகிக்கொண்டே இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதிப் போலீஸ் முடித்துவிட்டது.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் அந்த வேனின் பிளாக்கை அவர் கடைந்து கொடுத்திருந்தார். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது வழக்கமான வேலை. கடையக் கடையச் சுவர் மெலியும். "வேற பிளாக் போட்டுடுடா" என்றார். "இன்னும் ஒரு சைஸ் தாங்கும்ணே" என்றான் தம்பி. அவரும் மனம் இளகி நாற்பது சைஸுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு அகலமாக, கடைந்தார்.

சுவரில் விரிசல் விட்டு, என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே இறங்கித்தான் வேன் நின்றதா? நொறுங்கிய வண்டியை யாரோ ஏலத்தில் எடுத்துப் போய்விட்டார்கள். மூன்றாவது சிலிண்டரைக் கடையும்போது கருவியின் சத்தம் ஒரு நொடி மாறியதாக அவருக்கு நினைவு. அது உண்மையில் நடந்ததா, பிற்பாடு மனம் சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை. சோற்றில் கை வைத்திருக்கும்போதுகூட அந்தச் சத்தம் வரும், அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

ஒரு நாள் காலையில், சலவைக்கடை வேன் ஓட்டும் பெண் ஒரு பிளாக்கைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"புகை தள்ளுதுண்ணே. கடைஞ்சா ஓடுமா, இல்ல மாத்தித்தான் ஆகணுமா? மெக்கானிக் அறுபது போடலாம்ங்கறாரு."

அவர் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். ஓரத்தில் 40 என்று குத்தியிருந்தது. நான்கு சற்றுச் சாய்ந்திருந்தது. அவர் கையால் குத்தியதுதான். பக்கத்திலிருந்த என்ஜின் எண்ணையும் துடைத்தார். போலீஸ் காகிதத்தில் பலமுறை படித்து மனப்பாடமான, தம்பி வேனின் எண். மூன்றாவது சிலிண்டருக்குள் மட்டும் யாரோ ஸ்லீவ் இறக்கியிருந்தார்கள். கெட்டுப்போன சுவருக்கு உள்பக்கமாகச் செருகும் இரும்புக் குழாய் அது. உள்ளே இருப்பது விரிசலா, வெறும் உரசலா என்று அதை உருவினால்தான் தெரியும்.

"நாளைக்கு வாம்மா. அளந்து சொல்றேன்."

அன்று பகல் முழுவதும் அளந்தார். இரண்டாவது சிலிண்டர் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. மாற்றவேண்டும் என்றுதான் அளவு சொன்னது. ஆனால் மாற்றினால் பழைய பிளாக் பட்டறையிலேயே தங்கும், ஸ்லீவை உருவிப் பார்த்துவிடலாம். அந்த ஆசைதான் அளவுமானியைப் பிடித்திருக்கிறதோ என்று பயம் வந்தது. மறுபடி அளந்தார். அதே கணக்குதான்.

மறுநாள் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். தம்பியை, ரயிலை, தன் ஆசையைக்கூட. அவள் குனிந்து, பிளாக்கின் ஓரத்தில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தாள்.

"உங்க மனசை விடுங்கண்ணே. அளவு என்ன சொல்லுது?"

"அறுபதுக்குப் போனா சுவர் நிக்காது."

"அப்போ வேற பாருங்க. இதைக் கேட்டப்புறம் அதுல ஏறி உக்கார எனக்குத் தைரியம் இல்ல. இது இங்கயே கிடக்கட்டும்."

வேறு பிளாக் பொருத்தி அவள் வண்டி ஓடத் தொடங்கிய வாரம், அவர் தம்பி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள், மருந்துக்கடையில் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மதிய இடைவேளையில் பட்டறைக்கு வந்து, கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவர் ஸ்லீவைச் சுத்தியலால் தட்டி வெளியே தள்ளினார்.

விரிசல் இருந்தது. விரல் நீளத்துக்கு, மயிரிழை போல. சுற்றிலும் துரு.

"நான்தாம்மா" என்றார்.

"தெரியும் மாமா."

அவர் நிமிர்ந்தார்.

"ரெண்டு நாளா ரேடியேட்டர்ல தண்ணி குறையுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. உங்ககிட்ட காட்டச் சொன்னேன். 'ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்காதேன்னு அண்ணன் அன்னிக்கே சொல்லிட்டாரு, எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போவேன்'னாரு. நானும் விட்டுட்டேன்."

அப்படிச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. பதினோரு வருடம் கருவியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த வார்த்தையை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவளும் எதிரே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். வேலைக்குத் திரும்ப நேரமாகியும் எழவில்லை.

பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். வண்டியில் ஏற்றும்வரை அவளும் நின்றாள்.

அதன் பிறகு ஏழு வருடம் அவர் பட்டறை நடத்தினார். மெல்லிய சுவரைத் தொடமாட்டேன் என்று அவர் திருப்பி அனுப்பியவர்கள் வேறு இடத்தில் கடைந்துகொண்டார்கள். பத்து நாள் கழித்து, கூப்பிடாமலே அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார். "பொண்ணு கட்டிக் குடுத்த வீட்டுக்கு வந்த மாதிரி வந்துட்டாருய்யா" என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு, ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறப்பார். தண்ணீர் கழுத்துவரை இருக்கும். ஆனாலும் உடனே மூடமாட்டார். குனிந்த தலை குனிந்தபடி, உள்ளே யாரோ கூப்பிடக் காத்திருப்பவர் போல நிற்பார்.