நிறம் ஒட்டாத இடம்

எங்கள் சித்தப்பாவுக்கு வாட்டர் கலர் பைத்தியம். வாரமெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கள்ளிக்குப்பத்து வீட்டிலிருந்த ஒரே மேஜையைப் பிடித்துக்கொள்வார். ரோஜா வரைந்தால் முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும், மாதாவை வரைந்தால் எதிர்வீட்டு அக்கா மாதிரி இருக்கும். அதனால் ஏரிக்கரைத் தொழிற்சாலையை வரையப்போவதாக அவர் சொன்னபோது வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. செங்கல் சுவர், உயரமான புகைபோக்கி, ஏரிக்குள் இறங்கும் கருங்கல் படிகள். மூடிப் பல காலம் ஆகியிருந்தது. மூடுவதற்கு முன்னால் சித்தப்பா அங்கேதான் வேலை பார்த்தார். அத்தையின் கணவரும் அங்கேதான். அந்த மாமா ஒரு மழைக்காலத்தில் ஷிஃப்டுக்குப் போனவர், வீடு திரும்பவில்லை. பம்பாய்க்குப் போய்விட்டார் என்றார்கள், துபாய் என்றார்கள், கூட ஒரு பெண் இருக்கிறாள் என்றும் சொன்னார்கள். அத்தை எதையும் மறுத்துப் பேசவில்லை. எந்த ஊரிலாவது, யாரோடாவது, உயிரோடு இருந்தால் போதும் அவளுக்கு.

அதில்தான் சிக்கல் வந்தது. அப்பா திருநின்றவூரில் மனை வாங்கி வீடும் கட்டி முடித்துவிட்டார். அத்தை மட்டும் அசையவில்லை. "அவரு வந்து கதவத் தட்டினா யாரு தொறப்பா? நீங்க போங்கண்ணே, நா இங்கயே கீறேன்" என்பாள். தங்கையைத் தனியாக விட்டுப் போக அப்பாவுக்கு மனம் வரவில்லை. புது வீடு பூட்டிக் கிடந்தது. நாங்கள் வாடகை வீட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு கிடந்தோம்.

அந்தப் படம் மட்டும் நன்றாக வந்துவிட்டது. எனக்கு அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது. மழைக்கு முந்தைய வானம், ஆகாயத்தாமரை ஒதுங்கிய கரை, தண்ணீரில் தலைகீழாக நடுங்கும் புகைபோக்கி எல்லாம் அப்படியே இருந்தன. காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்த அத்தை மேஜையருகே நின்றாள்.

"இன்னாடா தம்பி, கீழ்ப்படியில யாரோ நின்னுகினு கீற மாதிரி கீது?"

எல்லோரும் குனிந்து பார்த்தோம். சாம்பல் நீலத்துக்கு நடுவில் என் சுண்டுவிரல் அளவுக்கு வெறும் காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு ஆள். நமக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து நின்றார். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. அந்தக் கையில் ஏதோ தொங்கியது.

"நா யாரையும் வரையலக்கா. அந்த எடத்துல மட்டும் கலர் ஒட்டமாட்டேங்குது" என்றார் சித்தப்பா.

எண்ணெய்க் கையோடு தொட்டிருப்பார் என்றாள் அம்மா. அத்தை காதில் அது விழவே இல்லை.

"தோளப் பாரு. சோத்துக்கூடய எடுத்துகினு போனா அவரு இப்டித்தான் போவாரு." என்றாள். "தண்ணிகிட்ட நிக்க வெக்காதடா அவர. கலர் அடிச்சு மூடிடு."

சித்தப்பா பிரஷில் கருநீலத்தை எடுத்து அந்த வெள்ளையின் மேல் இழுத்தார். சுற்றிலும் நிறம் ஊறியது. ஆள்மேல் மட்டும் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு, படிப்பக்கம் வழிந்துபோயிற்று. இன்னொரு தடவை இழுத்தார். ஏரி இருண்டதே தவிர ஆள் மறையவில்லை, இன்னும் பளிச்சென்று நின்றார். அப்பா பிரஷைப் பிடுங்கி அவர் பங்குக்குத் தேய்த்தார். அதே கதைதான். நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"அன்னிக்கு நீயும் அதே ஷிஃப்டுதான? அவர எங்கடா கடசியா பாத்த?" என்று கேட்டாள் அத்தை.

சித்தப்பா அப்பாவிடமிருந்து பிரஷை வாங்கிக்கொண்டார். அது சுத்தமாகிவிட்ட பிறகும் டம்ளர் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தார்.

அதுவரை வாசலில் ஆட்டோ நின்றால் எட்டிப் பார்க்கிற அத்தை, அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எங்களவர்கள் எல்லோரும் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் நாள். இறந்தவர்களில் இங்கே கல்லறை இல்லாதவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவார்கள். அத்தை ஒரு வத்தி வாங்கிக்கொண்டு நேராக அந்தச் சிலுவையடியில் போய் உட்கார்ந்தாள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது, அவளும் ஏற்றிக்கொண்டே இருந்தாள். காற்றை மறைக்க என் கைகளைக் குவிக்கச் சொன்னாள். விரலில் மெழுகு சொட்டிச் சுட்டது, நான் கையை எடுக்கவில்லை. வத்தி நின்று எரியத் தொடங்கியதும் எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, அப்பாவிடம் போனாள்.

"ஊட்ட காலி பண்ணிக்கலாம்ணே."

அப்பா அழுதுவிட்டார். சித்தப்பா மதில் ஓரமாகவே நின்றார், கிட்டே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூட்டை கட்டத் தொடங்கினோம். படத்தைச் செய்தித்தாளில் சுற்றும் வேலை எனக்கு. அந்த வெள்ளை ஆளைத் தொடப் பயமாகவும் இருந்தது, தொடாமல் இருக்கவும் முடியவில்லை. மெல்லச் சுரண்டினேன். நகத்துக்குள் ஏதோ சுருளாக வந்தது. முகர்ந்து பார்த்தேன். காலையில் என் விரலில் ஒட்டியதுதான் இதுவும், மெழுகு.

நிமிர்ந்தால் சித்தப்பா எதிரே நிற்கிறார். படத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே சுற்றினார். "போய் கையக் கழுவு" என்றார்.

பாவம், வரைய ஆரம்பிக்கும் முன்பே காகிதத்தில் மெழுகைச் சிந்திவிட்டார், அம்மாவுக்குத் தெரிந்தால் வாங்கிக் கட்டிக்கொள்வார் என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை. சிந்தினால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும், தோள் சாய்ந்து கூடையோடு நிற்காது என்று யோசிக்கிற வயதில்லை எனக்கு. அத்தையை வீட்டைவிட்டுக் கிளப்ப வேறு வழி தெரியாமல் மெழுகால் அப்படி வரைந்தாரா, இல்லை அன்றைக்கு அந்தக் கீழ்ப்படியில் மாமாவை உண்மையிலேயே பார்த்திருந்தாரா என்று கேட்கவும் தெரியவில்லை. நகத்திலிருந்ததைச் சுவரில் தேய்த்துவிட்டு, புது வீட்டில் ஜன்னலோரம் எனக்குத்தான் என்று அத்தையிடம் சொல்ல ஓடினேன்.