கடம்பூர் மலைக்கு இரண்டு தையல் மெஷினும் நான்கு டயரும்

போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை, என் பழைய ஜீப்பில் இரண்டு தையல் மெஷின்களை ஏற்றி, அவற்றைப் பொருத்த மெக்கானிக் முருகேசனையும் கூட்டிக்கொண்டு கடம்பூர் மலைக்குப் போனேன். பனியன் நகரத்து ராயபுரத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். என்னிடம் ஆறு வருடம் தைத்த செல்வி, குழந்தை பிறந்தபின் மலையிலேயே அம்மா வீட்டில் தங்கிவிட்டாள். மெஷின் வந்தால் ஊரில் இன்னும் நான்கு பெண்கள் தைக்கத் தயார் என்றாள். ஆனால் ஊருக்கு முன்னால் ஒரு காட்டாறு. இதற்கு முன் ஒரு கம்பெனிக்காரர் மெஷின்களோடு வந்து, தண்ணீரைப் பார்த்துத் திரும்பியவர், பிறகு வரவேயில்லையாம். நானும் திரும்பினால் அந்தப் பெண்கள் இனி யாரையும் நம்ப மாட்டார்கள்.

ஜீப்பின் முன் டயர்கள் சுமார், பின்னால் இரண்டும் மொட்டை. ஏற்றுமதியில் மிஞ்சி மலிவாக வரும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸிலேயே வளர்ந்தவளுக்குப் புத்தி வேறெங்கே போகும்? பழைய ஸ்டாக் விற்கும் இடத்தில் முரட்டுச் சேற்று டயர் இரண்டை ஏழாயிரத்துக்கு வாங்கிப் பின்னால் மாட்டினேன். அளவு கொஞ்சம் பெரிது. பனியனில் அரை இஞ்சு கூடினால் பாஸ் செய்கிறவள், இதையும் பாஸ் செய்துவிட்டேன்.

காலை 8.10க்குக் கிளம்பி, பதின்மூன்றாவது கிலோமீட்டரில், பெருமாநல்லூரில் ஒரு டயர் கடையில் காற்றுப் பிடிக்க நிறுத்தினேன். கடைக்காரருக்குப் பார்த்ததுமே சந்தேகம். என் இஞ்சு டேப்பையே வாங்கிச் சுற்றளவை அளந்தார். முன்னதைவிடப் பின்னது மூன்று இஞ்சு அதிகம்.

“பனியனுக்குச் செரிங்க. நாலு சக்கரமும் இழுக்கற ஃபோர் வீல் கியர் போட்டா நாலும் ஒண்ணாச் சுத்தோணுமுங்க. இப்படியே போனா கியர் பாக்ஸ் போயி, ஆத்துக்குள்ளயே நின்னுக்குவீங்க.”

தார் ரோடு எவ்வளவு, மண் ரோடு எவ்வளவு என்று கேட்டார். தார் தொண்ணூறு கிலோமீட்டர், மண் பன்னிரண்டு என்றேன். அதற்குச் சேற்று டயரே வேண்டாம், இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போதும், டீசலும் மிச்சம் என்றார். பெரிய பெயரில்லாத கம்பெனி டயர், ஒன்று 5,400. மாட்டுக்கூலியோடு நான்குக்கும் 22,400. என் சர்ப்ளஸ் டயர்களை, டயர் போட்ட மாட்டுவண்டிக்கு ஆகும் என்று 3,000க்கு எடுத்துக்கொண்டார். மீதி நாலாயிரம் புத்திக்கொள்முதல்.

ஒரு மணிக்குக் கடம்பூர். மண் ரோடு தொடங்கும் இடத்தில் டயருக்குப் பிடி கிடைக்கக் காற்றழுத்தத்தை 28 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20க்குக் குறைத்தேன். ஆற்றில் முருகேசன் முதலில் இறங்கி நடந்து பார்த்தார், முழங்கால் ஆழம். அக்கரையில் செல்வியும் மற்ற பெண்களும் நின்றிருந்தார்கள். நடுவில் ஒருமுறை முன்சக்கரம் வழுக்கியது, குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அடுத்த நொடி டயர் பிடித்து வண்டி கரையேறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைப்பானேன்.

போகிறவர்களுக்கு: நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே ரகமாக இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டும் தயாரித்த வருடம், பார்த்து வாங்குங்கள். மண் ரோட்டில் குறைத்த காற்றைத் திரும்ப அடிக்கப் பம்ப் அவசியம். யானை நடமாட்டம் உண்டு, நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

நானும் அப்படித்தான் அவசரப்பட்டேன். மெஷின்களைப் பொருத்தி முடித்தபோது மூன்று மணி. சோதனைக்கென்று வெட்டிக் கொண்டுபோனது இருபது பனியன் பீஸ்தான். நான் டீ குடித்து எழுவதற்குள் அவ்வளவையும் தைத்து அடுக்கிவிட்டார்கள்.

“அடுத்த பண்டல் எங்கீங்க அக்கா?” என்றாள் செல்வி.

ஆற்றைத் திரும்பிப் பார்த்தேன். “வெள்ளிக்கிழமை நானே கொண்டாறேன்” என்றேன்.