காய்ச்சலை மறைத்து வந்த பல்வலி

கொரோனா சமயத்தில் எங்கள் ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் டிரில் மெஷினைத் தொடக்கூடாது என்று உத்தரவு. தண்ணீர் தெறித்தால் கிருமி பரவிவிடும். வீக்கம், ரத்தக்கசிவு, அடிபட்டது மட்டும்தான் பார்ப்போம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், அங்கே உதவியாளர். சும்மாவே பயப்படுவேன். அப்போது கேட்கவே வேண்டாம்.

ஒரு காலையில் ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து செல்வி என்ற பெண்ணைப் பல்வலி என்று அவள் கணவர் கூட்டி வந்தார். காய்ச்சல் இல்லை என்று வாசலில் உள்ளே விட்டிருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்தபின் அவள் முறை வந்தது. மாஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். தாடையிலிருந்து கழுத்து வரை வீங்கிக் கல்லாக இருந்தது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை, மூச்சு கரகரவென்று இழுத்தது.

தொட்டுப் பார்த்த டாக்டரம்மா, "ஒடம்பு கொதிக்குதே! கேட்ல எப்படி விட்டாங்க?" என்றார்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "கெளம்பயில காய்ச்ச மாத்திரை குடுத்தேங்க. காய்ச்சல்னா அங்கிட்டு கொரோனா வார்டுக்குத் தூக்கிருவாங்க, தெருவத் தகரம் வச்சு அடைச்சிருவாங்கன்னு..."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். வீட்டில் மகள் நிறைமாசம்.

"டெஸ்ட் ரிசல்ட் வந்தப்பறம் பாக்கலாமே மேடம்?"

"அதுவரைக்கும் இவங்க மூச்சு தாங்காதுக்கா. பயமா இருந்தா வெளிய இருங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

"வெளிய நின்னா இன்னும் பயமா இருக்கும் மேடம்."

"அப்பக் கிட்டக்க நின்னே பயப்படுங்க" என்று சிரித்துவிட்டு ஊசியை எடுத்தார்.

இருவரும் உடம்பை முழுக்க மூடும் பிபிஇ கிட் மாட்டினோம். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். செல்வி என் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டாள். மரத்துப்போக ஊசி போட்டு, தாடைக்குக் கீழே கீறியதும் சீழ் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சின் கரகரப்பு அடங்கியது.

டிரிப்ஸ் ஏற்றி, டெஸ்ட் எடுத்து வார்டுக்கு அனுப்பினோம். மறுநாள் அவளுக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் தனியறை கொடுத்தார்கள். அங்கே முதலில் வந்த போன் செல்வியுடையது.

"அக்கா, ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே? நாங்க மறைச்சு வந்ததுல ஒங்களுக்கு எதுவும் வந்துருமோன்னு தூக்கமே வரலக்கா."

என் ரிசல்ட் நெகட்டிவ். அதைச் சொன்னதும் அழுதது அவள்தான்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: வருகிறவர்கள் காய்ச்சல் மாத்திரை போட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள், ஆனால் அதட்டிக் கேட்காதீர்கள். அதட்டினால் மறைப்பார்கள், மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

பயந்தாங்கொள்ளி என்று ஒதுக்காமல் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட டாக்டரம்மாவுக்கு நேரில் நன்றி சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. இதைப் படித்தாவது தெரிந்துகொள்ளட்டும்.