மவுஸை யாரும் தொடவில்லை

கணினி பழுது பார்க்கும் தொழிலில் கணினி கொடுக்கும் தொல்லை பத்தில் இரண்டுதான். மீதி எட்டும் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கொடுப்பது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எல்லோருக்கும் இது தெரியும். மருந்துக்கடையோ, தையல்கடையோ, ஜெராக்ஸ் கடையோ, எதுவாக இருந்தாலும் நீங்களும் என் கட்சிதான்.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், சுக்கு கோடவுனுக்கு எதிரே என் கடை. மழைக்காலத்தில் ஈரத்தில் செத்துப்போகிற கீபோர்டுகள்தான் பல வருடமாக எனக்குச் சோறு போட்டன. கொஞ்ச நாளாக வேறொரு கூட்டம் வருகிறது. கம்ப்யூட்டருக்குள் ஒரு குடும்பத்தை உண்டாக்கி, வீடு கட்டிக் கொடுத்து, சமைக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைக்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. அதற்குப் புது வெர்ஷன் வந்துவிட்டது. பழைய வெர்ஷனில் வளர்த்த குடும்பத்தைச் சேதாரம் இல்லாமல் புதியதற்கு மாற்றித் தர வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள்.

வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, திரையில் இன்னொருத்தியைக் கழுவ வைப்பதில் என்ன சுகமோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: பழசுக்கு என்ன குறை, ஏன் மாற்றுகிறீர்கள்? காரணம் தெரிந்தால்தான் எதைக் கவனமாகக் கொண்டுபோக வேண்டும் என்று தெரியும். கேட்டதில் கிடைத்த சிலவற்றைப் பெயர் மாற்றிச் சொல்கிறேன்.

தாழ்ப்பாள்

நசீர் மிளகு மொத்த வியாபாரி. எங்களைப் போலவே வீட்டில் மலையாளம் கலந்த தமிழ் பேசுகிற குடும்பம்; பேசுவது எங்களுக்குப் பறயறது, போதும் என்பது மதி, அக்கா சேச்சி. நாலு அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தபோது கூடவே மச்சானும் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். ஏன் மாற்றுகிறீர்கள் என்று நான் வழக்கம்போலக் கேட்டேன்.  புதுசு நல்லா இருக்குமாமே என்று மச்சானே பதில் சொன்னார்.

மச்சான் சாயா குடிக்க வெளியே போன பிறகுதான் நசீர் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். பழைய வெர்ஷனில் கதவைப் பூட்ட முடியாதாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் நேராக உள்ளே வந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து தின்றுவிட்டு, கட்டிலில் படுத்துக்கொள்வார்களாம். புதியதில் பூட்டு வந்திருக்கிறது. சொல்லும்போது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.  மச்சானின் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் அவசரமாகச் சொல்லி முடித்தார்:

"வீட்டுலதான் வாய் திறந்து பறய முடியல சேச்சி. இதிலயாவது எனக்கு ஒரு தாழ்ப்பாள் மதி."

தவழும் பருவம்

காக்கநாட்டில் ஐ.டி. வேலை பார்க்கிற அனிதா, ஒரு சனிக்கிழமை வந்தாள். கைக்குழந்தையான மகனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள், அரை மணிக்குள் திரும்பியாக வேண்டும். பழைய வெர்ஷனில் குழந்தைகள் தொட்டிலில் கிடக்கும், ஒருநாள் திடீரென்று எழுந்து பள்ளிக்கூடம் போய்விடும். நடுவில் ஒன்றும் கிடையாது. புதியதில் தவழ்வது, தட்டுத் தடுமாறி நிற்பது, விழுவது எல்லாம் உண்டு. அதற்காகத்தான் மாற்றுகிறாளாம்.

எனக்கு எரிச்சல் வந்தது. வீட்டில் உயிரோடு ஒன்றை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று கேட்டும்விட்டேன். என் வாய் அப்படி. அவள் கோபப்படவில்லை. பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே நின்றாள். கேட்டிருக்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தபோது அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"என் மோன் முதல்ல தவழ்ந்தப்ப நான் மீட்டிங்ல இருந்தேன் சேச்சி. இதுல பாஸ் பண்ணி நிறுத்தி, எனக்கு வேணுங்கிற மட்டும் பாத்துக்கிடலாம்."

கப்பலிலிருந்து வந்த வீடு

இனிச் சொல்லப்போவது எல்லாம் சுமதியைப் பற்றி. தேவராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் பிரகாஷ் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கல்யாணமாகி மூன்று வருடத்தில் சேர்ந்து இருந்த மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற நேரமெல்லாம் இருவரும் அந்த விளையாட்டுக்குள்தான் குடித்தனம் நடத்தினார்கள். அதில் ஒரு பிரகாஷ், ஒரு சுமதி, இரண்டு மாடி வீடு. நாலு நாள் இவள் விளையாடி, அந்த ஃபைலை மெயிலில் அனுப்புவாள். நாலு நாள் அவன் விளையாடித் திருப்பி அனுப்புவான். ஜன்னலுக்கு என்ன திரை, சமையலறை எந்தப் பக்கம் என்று சண்டை போடுவதெல்லாம் அதில்தான்.

அவன் ஏதோ துறைமுகத்தில் புது லேப்டாப் வாங்கிப் புது வெர்ஷன் போட்டுக்கொண்டான். அவன் அனுப்பிய ஃபைல் இவளுடைய பழைய வெர்ஷனில் திறக்கவில்லை. ஏன் மாற்றுகிறாய் என்றதற்கு, அவர் மாத்திட்டார், நானும் மாத்தியே ஆகணும் என்று சிரித்தாள். அன்று அதுதான் அவளுடைய கடைசிச் சிரிப்பு. நான் புது வெர்ஷனைப் போட்டு, ஃபைலைத் திறந்து, லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன்.

மாடியில் கட்டில் ஓரத்தில் பிரகாஷ் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி. விளையாட்டே கொடுக்கிற பாத்திரம் அவள், தலைமுடி பச்சை நிறம். இருவர் தலைக்கு மேலும் சிவப்பு இதயம் மிதந்தது. உறவுகள் என்ற பட்டியலில் அவள் பெயருக்கு நேரே காதலி என்று இருந்தது. கீழே சமையலறையில் சுமதி முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். கடைக்குள் நின்ற சுமதி திரையருகே குனிந்து அந்தப் பெயரை மறுபடி படித்தாள். நான் லேப்டாப்பை மூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இது அவரு செஞ்சதா, தானே நடந்ததா? அது மட்டும் எனக்கு அறிஞ்சா மதி."

இன்ஜின் ரூம்

அன்று மாலை முழுக்க அந்தப் புது வெர்ஷனைக் குடைந்தேன். பழையதில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அவர்கள் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், அவ்வளவுதான். புதியதில் தாங்களாகவே சிநேகம் பிடிப்பார்கள், சண்டை போடுவார்கள், காதலிப்பார்கள். நிஜ மனிதர்கள் மாதிரியே என்று அதைத்தான் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். வேண்டாமென்றால் அணைத்து வைக்கலாம். யார் அதையெல்லாம் படிக்கிறார்கள்? இதைச் சுமதிக்குச் சொன்னேன். அப்படி நடக்கலாம் என்கிறீர்களா, அப்படித்தான் நடந்தது என்கிறீர்களா என்று கேட்டாள். டீச்சர் அல்லவா. 

விஷயம் இதற்குள் முற்றிவிட்டது. சனிக்கிழமை மத்தியான வண்டியில் பாலக்காட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை என்று மாமியாரிடம் சொல்லிவிட்டாள். பொம்மைக்காக யாராவது குடும்பத்தை முறிப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு அது பொம்மை இல்லை. அவனோடு அவள் வாழ்ந்த வீடு அது ஒன்றுதான். கப்பலில் நெட் கிடைத்த நேரம் பார்த்து பிரகாஷ் என் கடை நம்பரைத் தேடிப் பிடித்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். பின்னால் இயந்திரச் சத்தம்.

"சேச்சி, கேமை ஓட விட்டுட்டு நாலு மணிக்கூர் வாட்ச் டூட்டில, இன்ஜின் ரூம்ல நின்னேன். வந்து பாக்காமலே சேவ் பண்ணி அனுப்பிட்டேன். சத்தியம். நீங்க பறஞ்சா அவ கேப்பா, நான் பறஞ்சா சிரிக்கிறா."

பத்து நாள்

எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. அவனுக்கு அவள் கடைசியாக அனுப்பிய பழைய ஃபைல் அவள் லேப்டாப்பிலேயே இருந்தது. அதே வீடு, அதே குடும்பம். அதைப் புது வெர்ஷனில் திறந்து, அவன் நின்ற அதே நாலு மணி நேரம், யாரும் ஒன்றும் செய்யாமல் ஓட விடுவது. விளையாட்டுக் கணக்கில் அது பத்து நாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினேன். சுமதி பெட்டியோடு வந்திருந்தாள். மவுஸைக் கழற்றி பிரிண்டர் மேல் வைத்தாள். என் கை லேப்டாப் பக்கம் போனாலே முறைத்தாள்.

முதல் நாள் அவன் வேலைக்குப் போனான், வந்தான், பாத்திரம் கழுவினான். இரண்டாம் நாள் வாசல் மணி அடித்தது. பச்சை முடி. சுமதி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். அவன் கதவைத் திறந்தான், ஏதோ பேசினான், கதவைச் சாத்திவிட்டுப் போய் டி.வி. பார்த்தான். மூன்றாம் நாளும் அவள் வந்தாள். அவன் கொட்டாவி விட்டான். ஏழாம் நாள் முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை.  நடக்காமலிருந்தால் நல்லதில்லையே. பொம்மைக்காரன் யோக்கியன் என்றால் கப்பல்காரன் பொய்யன் என்றல்லவா ஆகிறது. சுமதியும் அதையேதான் சொன்னாள், தானாக அவன் போகவில்லை பாருங்கள், யாரோ போகச் சொல்லியிருக்கணும் என்று. எழுந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். நாலு மணி நேரம் என்றால் நாலு மணி நேரம்தான், உட்கார் என்று நான் அதட்டினேன். கைப்பிடியை விடாமலே உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் நாள் காலை. பிரகாஷ் வேலைக்குப் போயிருந்தான். தபால்காரன் வந்தான். திரையில் இருந்த சுமதி, முட்டையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். பேசினாள். சிரித்தாள். அவன் தபால்பையைக் கீழே வைத்தான். பிறகு அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தலைக்கு மேல் சிவப்பு இதயம் ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே அடுப்பு புகைந்தது. கடைக்கண்ணால் சுமதியைப் பார்த்தேன்.   அவள் பிரிண்டர் மேல் இருந்த மவுஸைப் பார்த்தாள், என் இரண்டு கைகளையும் பார்த்தாள், பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"சேச்சி, இத சேவ் பண்ண வேண்டாம்."

போன்

அவள் அதைச் சொல்லிக் கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. பிரகாஷ். அவனுக்கு இந்தப் பரீட்சை நடப்பது தெரியும், வாட்ச் முடிந்து வந்து காத்துக்கொண்டிருந்தானாம். சுமதி உதட்டின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். விளையாட்டு தானாகத்தான் செய்கிறது, உன் மேல் தப்பில்லை, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவன் பெருமூச்சு விட்டது இங்கே வரை கேட்டது. அப்போ அங்கேயும் நான் அந்தப் பச்சை முடிகூடப் போனேனா என்று கேட்டான். இல்லை, நீ பெரும்பாலும் பாத்திரம்தான் கழுவினாய் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.   அவன் மெதுவாகக் கேட்டான், நான் போகலைன்னா தானா நடக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது, சுமதி எங்கே இருந்தா என்று.

 ஏதோ ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் சுமதி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். ஸ்பீக்கரை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை. பாலக்காட்டு வண்டி கிளம்ப நேரமாகிவிட்டது, அவள் மணியைப் பார்க்கவும் இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னாள்:

"நான் போஸ்ட்மேன்கூட இருந்தேன். நீங்க வேகம் வீட்டுக்கு வாங்க."

வெர்ஷன் மாற்றுவது அரை மணி நேர வேலைதான், மாற்றின பிறகு வருகிறதற்குத்தான் பாதி நாள் ஷட்டரை இறக்க வேண்டியிருக்கிறது.